வளவனூரில் ஒரு வேலை

இருதயராஜ் மகனிடம் பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. கத்துவார், கை நீட்டுவார், நாள் கணக்கில் பேசாமல் கிடப்பார். பொய் மட்டும் சொன்னதில்லை. அதனால்தான், "வளவனூர்ல ஒரு வீட்டுக்கு டைல்ஸ் போடணுமாம். நாளைக்கு அளவு பாத்துட்டு வரலாம், வர்றியா?" என்று அவர் கேட்டபோது வல்லரசுக்குச் சந்தேகமே வரவில்லை.

அவனை வேலைக்கு என்று யாரும் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. ஒருநாள் வந்தால் மறுநாள் வராத ஆளை, வந்த நாளிலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவரோரமாகச் சுருண்டுவிடுகிற ஆளை எந்த மேஸ்திரி கூப்பிடுவான்? மறுநாள் காலையில் எழுந்து குளித்துவிட்டு, கிறிஸ்மஸுக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். மூலையில் கிடந்த பையைத் தட்டி எடுத்து, டேப்பையும் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தையும் துணியால் துடைத்து உள்ளே வைத்தான். காந்திமதி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் அவளிடம் முதல்நாளே சொல்லிவிட்டிருந்தார். "அவன் மொகத்தப் பாத்து எப்படிங்க நான் சாப்பாடு வெப்பேன்?" என்று அழுதவள்தான், ஆனாலும் தட்டில் இட்லி வைத்து, கேட்காமலே இன்னும் இரண்டு வைத்தாள்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம், அங்கே பஸ் மாறி வளவனூர். வழியெல்லாம் வல்லரசு பேசிக்கொண்டு வந்தான். "ஹால் எவ்ளோ பெருசுப்பா? பெரிய கல்லுன்னா ஒண்டி ஆளால தூக்க முடியாது. கூட ஒருத்தன் வேணும். இந்த வேலைய மட்டும் ஒழுங்கா முடிச்சிட்டேன்னு வெச்சிக்க, மேஸ்திரிங்க திரும்பக் கூப்புடுவாங்க." இருதயராஜ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு 'உம்' கொட்டினார். பஸ் ஓட்டுகிறவர் அவர். பயணியாக உட்கார்ந்தால் கை கால் சும்மா இருக்காது. பிரேக் பிடிக்கிற இடத்தில் கால் தானாக அழுத்தும். அன்றைக்கு வழி முழுக்க அழுத்திக்கொண்டே வந்தார்.

வளவனூர் தாண்டி, கரும்பு வயல்களுக்கு நடுவே உயரமான மதில் வைத்த கட்டடம். இரும்பு கேட்டைத் திறந்து அவர்களை உள்ளே விட்டார்கள். நடையில் கால் வைத்ததுமே வல்லரசு குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் தரையைத் தட்டிப் பார்த்தான்.

"இங்க அடியில கலவ சரியா போடலப்பா. சத்தத்தக் கேளு, பொள்ளலா இருக்குது. எல்லாத்தையும் பேத்துதான் ஆவணும்."

அவன் நிமிர்வதற்குள் பின்னாலிருந்து நாலைந்து பேர் வந்து தோளையும் இடுப்பையும் பிடித்துவிட்டார்கள். அவன் திமிறவில்லை. யாரோ ஆள் மாறிப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தவன்போல முதலில் சிரித்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"வேலைன்னு சொன்னியேப்பா?"

அவ்வளவுதான் கேட்டான். அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். ரசமட்டம் பையிலிருந்து தரையில் விழுந்தது. பொறுப்பாளர் என்று சொல்லிக்கொண்ட வெள்ளைச் சட்டைக்காரர் இருதயராஜின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "பாசத்தக் காட்டாதீங்க சார். அதான் இவனுங்களக் கெடுத்ததே. மூணு மாசம் இப்படி ஒரு புள்ள இருக்கான்றதையே மறந்துடுங்க. புது ஆளா குடுக்குறோம்."

இருதயராஜ் தலையாட்டினார். யாராவது இதைத் தன் கையிலிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்றுதான் அவர் அதுவரை ஏங்கிக் கிடந்தார். வாங்கிக்கொண்டார்கள். திரும்புகிற பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தைத்தான் பின்னாளில் அவரால் மன்னிக்க முடியவில்லை.

வல்லரசுக்குப் போதைப் பழக்கம் பிடித்தது முழங்காலிலிருந்து. டைல்ஸ் வேலை என்பது நாள் முழுக்க மண்டிபோட்டு நகர்கிற வேலை. இருபது வயதிலேயே அவனுக்கு முட்டி வீங்கி, சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போது சுவரைப் பிடிப்பான். புதுச்சேரிப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் வேலையில், கூட இருந்தவன் ஒரு வலி மாத்திரை கொடுத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதினால் மட்டும் கொடுக்கவேண்டிய மாத்திரை. அங்கே பீடி மாதிரி கைமாறியது. போட்டான். வலி போன இடம் தெரியவில்லை. வலி மட்டுமா போனது, உடம்பில் ஒரு தெம்பு வந்தது, மனசில் ஒரு பஞ்சு வைத்த மாதிரி. இரண்டு ஆள் வேலையை ஒற்றை ஆளாகச் செய்தான். திண்டிவனம் ரோஷணையில் சொந்த வீட்டுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தரை போட்டு முடித்தான். இருதயராஜ் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "எம் புள்ள வேல செஞ்சா மெஷின் தோத்துடும்." அந்த வேகம் மாத்திரையுடையது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நாளில் வலிக்காக மாத்திரை என்பது போய், மாத்திரை இல்லையென்றால் வலி என்றானது. மூக்கு ஒழுகும், எலும்புக்குள் யாரோ திருகுவது போலிருக்கும், வயிறு போகும், மே மாத வெயிலில் போர்வை கேட்பான். பிறகு மாத்திரை விழுங்குவதும் போதாமல் ஊசிக்கு வந்தது. முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். காந்திமதிதான் ஒருநாள் துணி துவைக்கும்போது அந்தச் சட்டைக் கையில் பொட்டுப் பொட்டாக ரத்தத்தைப் பார்த்தாள்.

இருதயராஜுக்கு இதெல்லாம் ஒரே வார்த்தைதான்: திமிர். அவர் குடிக்காதவர். ஒரு பீடி பிடித்ததில்லை. வேண்டாம் என்று நினைத்தால் விட்டுவிடலாம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அடித்தார். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். மாதா கோயிலுக்கு இழுத்துப் போய் சத்தியம் வாங்கினார். வல்லரசு மனதாரத்தான் சத்தியம் செய்தான். நாலாவது நாளே போட்டுக்கொண்டு வந்தான்.

ஒருநாள் அவனே வந்து அப்பா எதிரில் உட்கார்ந்தான். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில இதுக்கு வைத்தியம் பாக்குறாங்களாம். மருந்து குடுத்து கொஞ்சம் கொஞ்சமா வுட வெக்கிறாங்களாம். எங்கூட வேல செஞ்ச ஒருத்தன் போய்க்கினு இருக்கான். என்ன இட்டுனு போறியா? தனியாப் போனா வழியிலயே எறங்கிடுவேம்பா. நீ கூட வந்தா போயிடுவேன்."

இருதயராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திமுருக்குக் கூட ஆஸ்பத்திரி வெச்சிருக்கானா? போதைக்கு மாத்திர, அந்த மாத்திரைய வுட இன்னொரு மாத்திரையா? போடா."

வல்லரசு எழுந்து போனான். இருதயராஜ் ஓட்டுகிற பஸ் திண்டிவனம் விழுப்புரம் மார்க்கம். ஒவ்வொரு நாளும், போகும்போதும் வரும்போதும், அந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆள் இறக்கிவிட்டுத்தான் போகும்.

வளவனூரில் விட்டு ஒரு மாதம் ஆனதும், காந்திமதியின் தொல்லை தாங்காமல் ஒருமுறை போய்ப் பார்க்கக் கிளம்பினார். அவள் செய்து கொடுத்த கேப்பை உருண்டை டப்பா கையில் இருந்தது. கேட்டில் நின்ற ஆள் உள்ளே விடவில்லை. "இப்ப பாக்கக் கூடாதுங்க. பாத்தா மனசு எளகிடும்."

"ஒரு நிமிசம் பாத்துட்டுப் போறேன் தம்பி. வல்லரசோட அப்பா நானு."

அவர் அப்படிச் சொன்னதுதான் தாமதம், மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "அப்பா! யப்பா! இட்டுனு போயிடுப்பா!" தொடர்ந்து என்னமோ விழுகிற சத்தம். குரல் அறுந்துபோனது.

இருதயராஜ் கேட் ஆளைப் பார்த்தார். அவன் சிரித்தான். "எல்லாம் ஆக்டிங்குங்க. எல்லாப் பசங்களும் இதத்தான் கத்துவானுங்க. நீங்க எளகுனீங்கன்னா இத்தினி நாள் பட்ட பாடு வேஸ்ட்டு."

கேட்டின் கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றார். தள்ளினால் திறந்திருக்கும், உள்தாழ் போட்டிருக்கவில்லை. டப்பாவை அந்த ஆளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டில் கேட்டதற்கு, "நல்லாத்தான் இருக்கான், வெயிட்டு போட்டிருக்கான்" என்றார். பொய் சொல்வது அதற்குள் கொஞ்சம் பழகியிருந்தது.

மூன்று மாதம் கழித்து வல்லரசை அனுப்பினார்கள். மெலிந்து, மொட்டை அடித்து, பேச்சே இல்லாமல் வந்தான். சாப்பிடு என்றால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். அப்பா உள்ளே வந்தால் எழுந்து நின்றான். கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தழும்பு இருந்தது. காந்திமதி அதைத் தொட்டுப் பார்த்து "இன்னாடா இது?" என்றதற்குக் காலை உள்ளிழுத்துக்கொண்டான். இருதயராஜும் பார்த்தார். ஏதோ ஒன்று நெஞ்சில் இடறியது. ஆனால் மகன் மாத்திரை போடவில்லை, தெருப்பக்கம் போகவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. இதைத்தானே கேட்டார்? அந்த இடறலை அப்படியே அமுக்கிவிட்டார்.

அமுக்கியதோடு விட்டாரா என்றால் இல்லை. அவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தாண்டவராயனுக்கு ஒரு தம்பி, செல்வகுமார். பெருங்குடிகாரன். "நம்மாளு எப்படி இருக்கான்?" என்று தாண்டவராயன் கேட்டபோது, இருதயராஜ் ஸ்டியரிங்கைத் தட்டிச் சொன்னார்: "பூன மாதிரி இருக்காம்பா. ஒந்தம்பியையும் அங்கயே வுடு. யோசிக்காத. நான் அவங்ககிட்ட பேசறேன்." பேசவும் செய்தார். ஒரு வாரத்துக்குள் செல்வகுமாரையும் அந்த மதிலுக்குள் கொண்டுபோய் விட்டாயிற்று. தாண்டவராயன் மறுநாள் டீ வாங்கிக் கொடுத்து, "நீ செஞ்ச ஒதவிய மறக்க மாட்டேண்ணே" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், இருதயராஜ் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். பாத்ரூம் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டினால் பதில் இல்லை. காந்திமதி கத்த ஆரம்பித்தாள். தோளால் முட்டிக் கதவைப் பெயர்த்தார். வல்லரசு சுவரில் சரிந்து கிடந்தான். உதடு நாவற்பழம் தின்றது போல் நீலமாக இருந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்தால், வெகுநேரத்துக்கு ஒருமுறை ஒரு குறட்டை போல் வந்தது. பக்கத்தில் ஊசி.

108 வந்தது. வண்டியிலேயே ஆக்சிஜன் வைத்தார்கள். திண்டிவனத்தில் முதலுதவி பார்த்து, அங்கிருந்து முண்டியம்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். தினம் தான் ஓட்டுகிற சாலையில், வேறொருவர் ஓட்டுகிற வண்டியில், மகனின் காலைப் பிடித்துக்கொண்டு இருதயராஜ் உட்கார்ந்திருந்தார். கையில் பட்டது கணுக்கால் தழும்பு. அதன்மேலிருந்து கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

போதையை முறிக்கிற ஊசி போட்டதும் வல்லரசு தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருகிறவன் மாதிரி திணறிக்கொண்டு கண் திறந்தான். இரண்டு நாள் கழித்து, மனநலப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்து பார்த்தார். சஹானா என்று பெயர். செஞ்சிப் பக்கத்துப் பெண். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வல்லரசிடம்தான் முதலில் பேசினார், அப்பாவிடம் இல்லை. பிறகு இருதயராஜை வெளியே கூப்பிட்டார்.

"மூணு மாசம் அடச்சு வெச்சிருந்தாங்களாய்யா? மருந்து ஏதாவது குடுத்தாங்களா?"

"மருந்து இல்லீங்க. புத்தி சொல்லித் திருத்துறோம்னு சொன்னாங்க."

"மூணு மாசம் அந்த மாத்திரை உள்ள போகலன்னா, அதத் தாங்குற சக்தி உடம்புக்குப் போயிடும்யா. ஆனா ஏக்கம் போகாது. வெளிய வந்து, முன்ன போட்டுக்கிட்ட அதே அளவு போட்டான். முன்ன தாங்குன உடம்பு இப்ப தாங்கல. மூச்சே நிக்கப் பாத்துச்சு. இப்படி வெளிய வந்த உடனே போறவங்கதான் நெறைய பேரு."

"திமுருல செய்யலீங்களா?"

"திமிரா இருந்தா, உங்க அடிக்கே அடங்கியிருப்பானே."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. இருதயராஜ் வராந்தாச் சுவரைப் பார்த்தார். டாக்டரே தொடர்ந்தார்: "நாக்குக்கு அடியில வெக்கிற ஒரு மாத்திரை இருக்கு. தெனம் இங்க வந்து, எங்க முன்னால வெச்சுக்கணும். உடம்பு நடுங்காது, ஏக்கம் அடங்கும். போதை மாதிரி மயக்காது. வேலைக்குப் போகலாம். கூடவே உக்காந்து பேசறதுக்கு ஆள் இருக்காங்க. முட்டி வலிக்கும் தனியா வைத்தியம் பாக்கணும், அத விட்டுட்டா திரும்ப அங்கதான் போவான்."

"ஒரு மாத்திரைய வுட இன்னொரு மாத்திரையா?" பழைய வார்த்தை வாயில் தானாக வந்துவிட்டது. சொன்னபிறகுதான் அதை முன்பு யாரிடம் சொன்னோம் என்று நினைவு வந்தது.

"ஆமாய்யா. அந்த மாத்திரை அவன எங்க கொண்டுபோய் விட்டுதுன்னு பாத்தீங்க. இது எங்க கொண்டு போகுதுன்னு ஒரு வருஷம் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, ரெண்டும் ஒண்ணான்னு. நடுவுல சறுக்குவான். சறுக்கினா வெரட்டாதீங்க, மருந்த நிறுத்தாதீங்க. எங்ககிட்ட வாங்க."

"முன்னாடியே வந்திருந்தாலும் இத குடுத்திருப்பீங்களா டாக்டரம்மா?"

"குடுத்திருப்போமே. இது ரொம்ப நாளா நடக்குது. நெறைய பேருக்குத் தெரியறதில்ல."

தெரிந்தவன் ஒருத்தன் வந்து எதிரில் உட்கார்ந்து கேட்டானே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தலையாட்டினார். டாக்டர் போனபிறகும் அங்கேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை காந்திமதி மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தாள். பேச்சோடு பேச்சாக, "தாண்டவராயன் தம்பியையும் வளவனூர்லதான் வுட்டிருக்காங்க, தெரியுமா" என்றாள். வல்லரசு ஸ்பூனைத் தள்ளினான்.

"செல்வண்ணனையா? அங்கயா? யாரு வுடச் சொன்னது?"

காந்திமதி புருஷனைப் பார்த்தாள். இருதயராஜ் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"நீயாப்பா?"

"நல்லது ஆவும்னு நெனச்சேன்டா."

வல்லரசு வெகுநேரம் அவரையே பார்த்தான். மூன்று மாதமாக அடைபட்டிருந்த பேச்சு அப்போதுதான் வெளியே வந்தது. காலில் போட்ட சங்கிலியைச் சொன்னான். உடம்பு நடுங்கி வாந்தி எடுக்கும்போது பச்சைத் தண்ணீரை ஊற்றி வெறுந்தரையில் விட்டதைச் சொன்னான். ரப்பர் குழாயால் அடித்ததைச் சொன்னான். எல்லாவற்றையும் வேறு யாருக்கோ நடந்த மாதிரி, குரல் ஏறாமல் சொன்னான். கடைசியில்,

"நீ ஒருநாள் கேட்டாண்ட வந்தல்ல" என்றான்.

இருதயராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வல்லரசோட அப்பான்னு சொன்ன. எனக்குக் கேட்டுது. அதான் கத்துனேன். நீ வந்துடுவேன்னு நெனச்சேன். அப்புறம் நீ போயிட்ட. கத்துனதுக்கு அன்னிக்கு முழுக்க அடிச்சாங்க."

காந்திமதி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "பாத்தேன், நல்லா இருக்கான்னு சொன்னீங்களே" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"வந்ததுமே ஏன்டா சொல்லல?" என்று கேட்டார் இருதயராஜ். கேட்டது தன் குரல்தானா என்றிருந்தது.

"வெளிய சொன்னா திரும்ப வந்து தூக்கிடுவோம்னாங்க. நீ அவங்க பக்கந்தான் நிப்பேன்னு நெனச்சேன்." வல்லரசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "என்ன வுடு. செல்வண்ணன இட்டுனு வா. அவுரு குடிக்கிறவரு. குடிய பட்டுனு நிறுத்துனா வலிப்பு வரும்பா. நான் இருக்கும்போதே ஒருத்தருக்கு வந்துது. நடிக்கிறான்னு சொல்லிட்டாங்க."

மறுநாள் இருதயராஜ் டியூட்டிக்குப் போனார். தாண்டவராயன் வழக்கம்போல் விசிலை வாயில் கவ்விக்கொண்டு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். கூட்டேரிப்பட்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார், கூட்டம் ஏறியது. விக்கிரவாண்டியில் சொல்லலாம் என்றால், தாண்டவராயனே இன்ஜின் பக்கம் வந்து குனிந்து, "புள்ள எப்படிண்ணே இருக்கான்? சரியாயிடும், வுடு. எனக்கு ஒன் புண்ணியத்துல தம்பியப் பத்திக் கவலையே இல்ல" என்றான். சாலை கண்ணில் மங்கியது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஆட்கள் இறங்கி முடித்ததும், சீட்டைவிட்டு எழாமல் எல்லாவற்றையும் சொன்னார். சங்கிலியை, குழாயை, வலிப்பை. தான் கேட்டில் நின்று கேட்ட குரலையும் சொன்னார்.

தாண்டவராயன் முதலில் புரியாதவன்போல் நின்றான். "அந்தக் குரலக் கேட்டப்புறமாண்ணே என் தம்பிய அங்க வுடச் சொன்ன?"

"ஆமாம்ப்பா."

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி டாஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கி நடந்தான். இருதயராஜ் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். திண்டிவனத்துக்கு ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் கத்தினார்கள். பஸ் முதலாளி போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எதையும் கேட்கவில்லை.

வளவனூர் கேட்டில் அதே ஆள். "மூணு மாசம் ஆகாம..." என்று ஆரம்பித்தான். தாண்டவராயன் போலீஸுக்குப் போன் போட்டான். இருதயராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். வாழ்நாளெல்லாம் ஹாரனுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகிய தொண்டை. "செல்வகுமாரு! டேய் செல்வா! ஒங்கண்ணன் வந்திருக்கான்டா!" வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கத்தியோடு மேடேறி வந்து பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண், "தெனம் இங்க அழுவாச்சி சத்தம் கேக்குதுய்யா" என்றாள். கூட்டம் சேர்ந்ததும் வெள்ளைச் சட்டைக்காரர் வந்து, போலீஸ் வருமுன் கேட்டைத் திறந்துவிட்டார். இருதயராஜ் அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

செல்வகுமார் பின்கட்டில், கோரைப்பாயில் கிடந்தான். வலிப்பில் விழுந்து முன்பற்கள் போயிருந்தன. அண்ணனை அடையாளம் தெரியவில்லை. ஏதோ பூச்சி ஊர்கிறது என்று கையைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு முண்டியம்பாக்கத்துக்கு வந்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தாங்கியிருக்க மாட்டான் என்றார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் பழைய பேச்சு வரவில்லை. ஒரு பெயரைச் சொல்ல வந்து பாதியில் நின்றுவிடுவான்.

புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், உள்ளே இருந்தவர்களை வெளியே அனுப்பிச் சீல் வைத்தார்கள். வேறு ஊரில் வேறு பெயரில் திறந்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சும் இருக்கிறது. தாண்டவராயன் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ரூட்டுக்குப் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் இருதயராஜைப் பார்க்காத மாதிரி போவான். ஒருமுறை அவர் போய் எதிரில் நின்றதற்கு, "என் தம்பி என்ன எப்படிக் கூப்புடுவான்னு ஒனக்கு ஞாபகம் இருக்குதா? அவனுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். அதன்பிறகு அவர் நிற்கவில்லை.

வல்லரசு தினமும் மாத்திரைக்குப் போய் வந்தான். நாக்கின் அடியில் அது கரையும் வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பான். முட்டிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். முதலில் காந்திமதி துணைக்குப் போனாள், பிறகு தனியாகவே போனான். அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் மட்டும் ஏற மாட்டான். முண்டியம்பாக்கம் ஸ்டாப்பில் கூட்டத்தோடு அவன் நிற்பது இருதயராஜுக்குத் தெரியும். வண்டியை நிறுத்திக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பான். புதுக் கண்டக்டர் விசிலடித்து அவசரப்படுத்துவான். அவர் கியரைப் போடுவார்.

மாசங்கள் போயின. வல்லரசின் கன்னத்தில் சதை பிடித்தது. மேஸ்திரி ஒருவர் அரைநாள் வேலைக்குக் கூப்பிட்டார். வீட்டில் காந்திமதி வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாவிடம் அவன் தேவைக்குப் பேசினான்: தண்ணி வரல, கரண்டு போச்சு, சாப்பாடு இருக்குது. அதற்குமேல் கேட்க இருதயராஜுக்குத் துணிவு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், வீட்டு வாசற்படியில் வல்லரசு தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான்.

"நேத்து ஒண்ணு போட்டுட்டேன்" என்றான். "புதுச்சேரி வேலையில. பழைய ஆளு வந்தான். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு நாளா போகல."

இருதயராஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பழைய கை, பழைய வாய், எல்லாம் அப்படியே உள்ளே இருந்தன. ஒன்றும் செத்துப் போகவில்லை. இத்தனைக்கும் பிறகுமா என்று ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வல்லரசு அடிக்குத் தோதாக முகத்தை லேசாகத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தார். அவனுக்கே தெரியாமல், பழக்கத்தில், அப்படித் திரும்பியது அந்தக் கன்னம். அதைப் பார்த்ததும் சொல் உள்ளேயே போய்விட்டது.

பின்பக்கம் போனார். தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். சட்டையெல்லாம் நனைந்தது. திரும்பி வந்து, மகனுக்குப் பக்கத்தில் இல்லாமல், ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"சொன்னியே, அது போதும்டா" என்றார். "காலையில டாக்டரம்மாவண்ட போயிடு."

"திட்டலியா?"

"அன்னிக்கு நீயே வந்து இட்டுனு போன்னு கேட்ட. நான் சோறு துன்னுக்கினு இருந்தேன்." மூக்கைச் சிந்திக்கொண்டார். "நான் இன்னா திட்டுறது?"

தெருவில் ஒரு ஆட்டோ போனது. வல்லரசு முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"அது எனக்கு மறக்கலப்பா" என்றான் கடைசியில். "மறந்துட்டேன்னு சொல்லணும்னு பாக்குறேன். வரல."

"வர வேணாம்."

"கேட்டாண்ட நின்னதுதான்..."

"தெரியும்."

உள்ளேயிருந்து காந்திமதி இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். யாரும் எழவில்லை.

"காலையில நான் வரட்டுமாடா?" என்று கேட்டார் இருதயராஜ். "வேணாம்னா வேணாம். சும்மா கேட்டேன்."

வல்லரசு படியின் ஓரத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தான். யோசிக்கிறானா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. பிறகு, "லீவு போடணுமே" என்றான்.

"போடறேன்."

"சரி. வா."

காலையில் ஓ.பி.யில் கூட்டமாக இருந்தது. டாக்டர் சஹானா வல்லரசை உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். மருந்தின் அளவைக் கூட்டியிருப்பதாகவும், புதுச்சேரி வேலையைக் கொஞ்சகாலம் விட்டுவிடச் சொன்னதாகவும் அவன் வெளியே வந்து சொன்னான். "சொல்லிட்டு வந்தது நல்லதுன்னாங்க" என்றான். முகத்தில் சந்தோஷம் என்று எதுவுமில்லை; களைப்பு இருந்தது. நர்ஸ் மாத்திரை கொடுத்தார். அது கரைகிற வரைக்கும் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்வரிசையில் ஒரு தாய், கண் செருகிக் கிடக்கிற பையனை மடியில் சாய்த்துக்கொண்டு, யாரைக் கேட்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தாள். இருதயராஜ் எழுந்துபோய் எந்த அறை, எங்கே சீட்டு வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். வேறொன்றும் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தபோது வல்லரசு தூங்கியிருந்தான். இரண்டு நாளாகத் தூங்காதவன். தலை பின்னால் சுவரில் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்தது. தோளைக் கொடுக்கலாமா என்று நினைத்தார். தொட்டால் விழித்துவிடுவானோ, விழித்தால் நகர்ந்து உட்காருவானோ என்றிருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, அவன் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.